டெட்ராய்ட்டில் சுப்ரீம்ஸ் மூவரின் நினைவிடங்கள்: அம்மாவை எங்கே அழைத்துச் செல்வது?

கேள்வி: தென்மராட்சிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இந்த ஆண்டு எழுபத்தாறு வயது நிறைகிறது. அவர் கொழும்பில் பள்ளி மாணவியாக இருந்த காலத்தில், இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் ஒலித்த மேல்நாட்டுப் பாடல்கள்தான் அவருக்கும் அவருடைய இரண்டு தங்கைமாருக்கும் மாலை நேரத் துணை. அவற்றிலும் அமெரிக்கப் பெண்கள் மூவரின் சுப்ரீம்ஸ் குழுப் பாடல் வந்துவிட்டால், மூவரும் ஆளுக்கொரு குரலைப் பிரித்துக்கொண்டு, அடுக்களையில் பாத்திரம் கழுவியபடியே கூடப் பாடுவார்களாம். நடுக்குரல் யாருக்கு என்பதில்தான் சண்டை வரும் என்று அம்மா இன்றும் சொல்வார். சித்திமார் இருவரும் இப்போது உயிருடன் இல்லை.

2021 பெப்ரவரியில் அந்த மூவரில் ஒருவரான மேரி வில்சன் மறைந்த செய்தி வந்த அன்று அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளைகள் வளர்ந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார். நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம். டெட்ராய்ட்டுக்குக் காரில் போனால் நான்கு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தக் கோடையில் எப்படியும் அழைத்துச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறேன்.

நகரத்தின் நடுவே மூவருக்கும் சிலையுடன் ஒரு நினைவிடம் இருக்கும் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரே இடத்தில் போய்ப் பார்க்கக்கூடிய நினைவிடம் உண்டா, இல்லையென்றால் எந்தெந்த இடங்களுக்குப் போவது பொருத்தம் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூவரில் இன்னொருவரான புளோரன்ஸ் பாலார்டின் கல்லறை அங்கேதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கும் அம்மா போக விரும்புகிறார். அவர் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார் என்பதையும் கருத்திற்கொண்டு ஆலோசனை சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: மிச்சிகன்வாசி

வணக்கம், சகோதரி. இந்தப் பகுதியில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு நீங்கள் கேட்கும் இடத்துக்கு ஐந்தாறு முறையாவது போயிருப்பேன். அம்மா எதிர்பார்க்கும் சிலை மண்டபத்தைத் தேடிப் புறப்படாதீர்கள். இந்த நகரம் அவர்களை நினைவில் வைத்திருப்பது ஒரு வீட்டின் மூலமாகத்தான். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648 என்ற எண்ணுள்ள இரண்டு மாடி வீடு அது. நெற்றியில் நீல எழுத்துகளில் "ஹிட்ஸ்வில் யூ.எஸ்.ஏ." என்று எழுதியிருக்கும். பெர்ரி கோர்டி 1959இல் தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய, சுப்ரீம்ஸ் பாடல்களை வெளியிட்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பிறப்பிடம் அதுதான். 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்த பிறகும் அவருடைய அக்கா எஸ்தர் கோர்டி எட்வர்ட்ஸ் அந்த வீட்டைக் கைவிடாமல் காத்து, 1985இல் அருங்காட்சியகமாக மாற்றினார். அவர் மட்டும் பழைய தாள்களையும் படங்களையும் குப்பை என்று எண்ணித் தூக்கி எறிந்திருந்தால், உங்கள் அம்மாவுக்குக் காட்ட இன்று அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

உள்ளே தாமாகச் சுற்றிப் பார்க்க முடியாது. சிறு சிறு குழுக்களாக வழிகாட்டியுடன்தான் அனுப்புவார்கள். கோடையில் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். ஆகவே நாளையும் நேரத்தையும் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். விரிவாக்கப் பணிகள் நடந்து வருவதால், அன்று எந்தப் பகுதி திறந்திருக்கும் என்பதையும் அப்போதே உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. பழைய வீடு என்பதால் மாடிப்படிகள் உண்டு. கைத்தடியுடன் ஒருவர் வருகிறார் என்று முன்னதாகவே தெரிவித்துவிட்டால், அதற்கேற்ற ஏற்பாட்டைச் செய்து தருவார்கள். நான் போன முறைகளில் உள்ளே படம் எடுக்க அனுமதிக்கவில்லை. அது ஒருவகையில் நல்லதுதான். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

சுற்றின் கடைசியில் "ஸ்டுடியோ ஏ" வரும். முன்பு ஒரு புகைப்படக்காரரின் கூடமாக இருந்த பின்கட்டைத்தான் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணி நேரம் திறந்திருந்த அறை அது. சில படிகள் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். 1877இல் செய்யப்பட்ட ஸ்டெயின்வே பியானோ ஒன்று அங்கே நிற்கிறது. அது பழுதாகிக் கிடந்ததைப் பார்த்த பால் மெக்கார்ட்னி அதைச் செப்பனிட உதவினார். கட்டுப்பாட்டு அறையின் தரையைக் கவனிக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். பதிவின்போது தாளத்துக்கு ஏற்பக் காலால் தட்டித் தட்டி, தரை தேய்ந்து போயிருக்கும். எத்தனை முறை போனாலும் என் கண் முதலில் அந்தத் தேய்மானத்தைத்தான் தேடும்.

புலவார்டு வரை காரில் போவதே எளிது. நகர மையத்திலிருந்து வுட்வர்ட் சாலை வழியாக கியூலைன் என்ற டிராம் வண்டி கிராண்ட் புலவார்டு வரை வருகிறது. ஆனால் இறங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் மேற்கே நடக்க வேண்டியிருக்கும், அது அம்மாவுக்கு ஒத்துவராது. ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையை அடையாளமாக வைத்துக்கொண்டால் வீட்டைத் தவறவிட மாட்டீர்கள்.

அவர்கள் வளர்ந்த புரூஸ்டர் குடியிருப்பைப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த அடுக்குமாடிகள் முழுவதும் இடிக்கப்பட்டுவிட்டன. வயதான ஒருவரை அழைத்துப் போய்க் காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

மறுமொழி: பழைய இசைத்தட்டு

மிச்சிகன்வாசி ஐயா வீட்டைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. புரூஸ்டர் பற்றிச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "அந்தப் பிள்ளைகள் வளர்ந்த ஊர்" என்றுதான் அந்த அம்மா கேட்டிருக்கிறார். அவர்கள் பாடிய இடம் ஹிட்ஸ்வில்; வளர்ந்த இடம் புரூஸ்டர்-டக்ளஸ்.

கறுப்பின மக்களுக்காக அமெரிக்காவின் கூட்டரசு நிதியில் கட்டப்பட்ட முதல் பொதுக் குடியிருப்பு புரூஸ்டர். அதன் பணியை 1935இல் எலினார் ரூஸ்வெல்ட் நேரில் வந்து தொடங்கிவைத்தார். 1938இல் மக்கள் குடியேறினார்கள். பின்னர் அருகிலேயே பதினான்கு மாடிக் கோபுரங்களாக டக்ளஸ் பகுதி எழுந்தது. 1950களின் இறுதியில் புளோரன்ஸ் பாலார்ட், மேரி வில்சன், டயானா ராஸ் மூவரின் குடும்பங்களும் அங்கேதான் வாழ்ந்தன. அந்நாளில் அங்கே வீடு கிடைத்ததைக் குடும்பங்கள் பேறாகவே கருதின என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் பராமரிப்பின்றிப் பாழடைந்த கோபுரங்களின் படங்களைப் பார்த்துவிட்டு, தொடக்கம் முதலே அது அப்படித்தான் இருந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 2008இல் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. எஞ்சி நின்ற நான்கு கோபுரங்களும் 2014க்குள் இடிக்கப்பட்டன.

குழு உருவானதும் அங்கிருந்துதான். 1959இல் பிரைம்ஸ் என்ற ஆண்கள் குழுவுக்குத் துணையாக ஒரு பெண்கள் குழு வேண்டும் என்று அதன் மேலாளர் மில்டன் ஜென்கின்ஸ் தேடினார். பிரைம்ஸ் குழுவைச் சேர்ந்த பால் வில்லியம்ஸும் எடி கெண்ட்ரிக்ஸும்தான் பின்னர் டெம்ப்டேஷன்ஸ் குழுவில் புகழ்பெற்றவர்கள். புளோரன்ஸ் முதலில் சேர்ந்து, தோழி மேரியை அழைத்துவந்தார். டயானாவும் பெட்டி மெக்லோன் என்ற நான்காவது பெண்ணும் சேர, "பிரைமெட்ஸ்" பிறந்தது. 1960இல் டெட்ராய்ட்டும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள வின்சரும் சேர்ந்து நடத்திய விழாவின் திறமைப் போட்டியில் அவர்கள் வென்றார்கள். நீங்கள் ரொறன்ரோவிலிருந்து வரும் வழியில் வின்சரைக் கடந்துதான் பாலம் ஏறுவீர்கள். அங்கே வண்டியை நிறுத்தி, ஆற்றங்கரையிலிருந்து எதிர்க்கரையை அம்மாவுக்குக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

கோர்டி அவர்களை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அவர்களோ பள்ளி விட்டதும் நேரே வெஸ்ட் கிராண்ட் புலவார்டு வீட்டுக்குப் போய், யாருடைய பதிவாக இருந்தாலும் கைதட்டவும் பின்னணி பாடவும் நின்றார்கள். 1961 ஜனவரியில் ஒப்பந்தம் கிடைத்தபோது பெயரை மாற்றச் சொன்னார்கள். நீட்டிய பட்டியலிலிருந்து "சுப்ரீம்ஸ்" என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் புளோரன்ஸ். மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பெரிய வெற்றி எதுவும் வரவில்லை. நிறுவனத்துக்குள்ளேயே "வெற்றியில்லாத சுப்ரீம்ஸ்" என்று அழைத்தார்கள். மார்வலெட்ஸ் குழு வேண்டாமென்று ஒதுக்கிய "வேர் டிட் அவர் லவ் கோ" என்ற பாடல்தான் 1964 ஆகஸ்டில் அவர்களை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. அதன் தொடக்கத்தில் கேட்கும் தாளம் மரப்பலகைகளைக் காலால் மிதித்து எழுப்பியது. டயானா தமக்குப் பழக்கமில்லாத தாழ்ந்த சுருதியில் பாட வேண்டியிருந்தது; அந்தக் குரலின் நெருக்கம் அதனால் வந்ததுதான். தொடர்ந்து ஐந்து பாடல்கள் முதலிடம் பெற்றன, மொத்தத்தில் பன்னிரண்டு. ஹாலந்து சகோதரர்களும் லாமன்ட் டோசியரும் சேர்ந்து எழுதிய பாடல்கள்தான் அவற்றில் பெரும்பாலானவை.

ஆகவே ஒன்றும் இல்லாத இடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கிரைஸ்லர் விரைவுச் சாலையை ஒட்டியுள்ள அந்தப் பகுதியில் வண்டியை மெல்ல ஓட்டிச் செல்லுங்கள். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் பயிற்சி பெற்ற புரூஸ்டர் பொழுதுபோக்கு மையத்தின் செங்கல் கட்டடம் அவ்விடத்தில் இருக்கிறது. இறங்கி நடக்க வேண்டிய தேவை இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் மூவர் தெருவில் நின்று குரல் பிரித்துப் பாடிய மண் இதுதான் என்று சொன்னால், கொழும்பு அடுக்களையில் அதையே செய்த ஒருவருக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: நெடுஞ்சாலை

கல்லறையைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

புளோரன்ஸ் பாலார்ட் அடக்கம் செய்யப்பட்டிருப்பது டெட்ராய்ட் மெமோரியல் பார்க் கல்லறைத் தோட்டத்தில். பெயரில் டெட்ராய்ட் இருந்தாலும் அது நகர எல்லைக்குள் இல்லை. வடக்கே வாரன் நகரில், 13 மைல் சாலையில் இருக்கிறது. டெட்ராய்ட்டின் வடக்கு எல்லை 8 மைல் சாலை. அங்கிருந்து இன்னும் ஐந்து மைல். கார் இல்லாமல் போவது கடினம். மற்ற கல்லறைத் தோட்டங்களில் கறுப்பின மக்களுக்கு மதிப்பான இடம் கிடைக்காத காலத்தில், 1925இல் கறுப்பினத் தொழில்முனைவோர் கூடித் தாங்களே நிறுவிய தோட்டம் அது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.

நான் முதன்முறை போனது ஒரு பிப்ரவரி மாதம், அவருடைய நினைவு நாளையொட்டி. இடம் தெரியாமல் முக்கால் மணி நேரம் பனியில் அலைந்தேன். பிறகு அலுவலகத்தில் கேட்டபோது வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார்கள். திருமணத்துக்குப் பின் அவருடைய குடும்பப் பெயர் சாப்மன். இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டு போங்கள். அலுவலகம் திறந்திருக்கும் வார நாளாகப் பார்த்துப் போனால் என்னைப்போல் அலைய வேண்டியிருக்காது. கல்லின் மேல் படிந்திருந்த பனியைக் கையுறையால் துடைத்த பிறகுதான் எழுத்துகள் தெரிந்தன. யாரோ எனக்கு முன்பே வந்து வைத்துவிட்டுப் போன ஒற்றைப் பூ, பனிக்குள் நிறம் மாறாமல் இருந்தது.

அவருடைய கதை உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். குழுவைத் தொடங்கியவர், பெயர் சூட்டியவர், மூவரிலும் வலுவான குரல் கொண்டவர். 1967இல் அவர் விலக்கப்பட்டு, அந்த இடத்தில் சிண்டி பேர்ட்சாங் சேர்க்கப்பட்டார். குழுவின் பெயரும் "டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்" ஆயிற்று. அவர் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. வீட்டை இழந்தார். மூன்று பெண் குழந்தைகளுடன் அரசு உதவித்தொகையில் வாழும் நிலைக்கு வந்தார். 1976 பிப்ரவரி 22 அன்று, இதய இரத்தக் குழாய் அடைப்பினால், 32 வயதில் இறந்தார். அவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுவதை மட்டும் நான் மறுக்கிறேன். பாடகி அரேத்தா பிராங்க்ளினின் தந்தையாகிய சி. எல். பிராங்க்ளின் போதகராக இருந்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில்தான் இறுதிச் சடங்கு நடந்தது. உள்ளே இடமில்லாமல் வீதியெங்கும் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். நிறுவனம் கைவிட்டிருக்கலாம், ஊர் கைவிடவில்லை. தேவாலயம் லின்வுட் சாலையில் இருக்கிறது, ஹிட்ஸ்வில் வீட்டிலிருந்து காரில் சில நிமிடங்கள்தான். நேரம் இருந்தால் வெளியிலிருந்தாவது பாருங்கள்.

மேரி வில்சன் கலிபோர்னியாவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆகவே டெட்ராய்ட் பக்கம் அம்மா போய் நிற்கக்கூடிய கல்லறை இது ஒன்றுதான்.

தென்மராட்சிப் பெண்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிலை இல்லை என்றதும் சிறிது முகம் வாடினார். காலால் தட்டித் தேய்ந்த தரையைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் நாள் ஹிட்ஸ்வில் வீடு, திரும்பும் வழியில் புரூஸ்டர், மறுநாள் காலை வாரன் என்று திட்டமிட்டிருக்கிறோம். ஒரு சிறு கேள்வி: மூவரின் மேடை உடைகளை அங்கே பார்க்க முடியுமா? அம்மா அவர்களை முதன்முதலில் பார்த்தது ஒரு சஞ்சிகையின் கறுப்பு வெள்ளைப் படத்தில்தான். அந்த உடைகள் என்ன நிறமாக இருந்திருக்கும் என்று சகோதரிகள் மூவரும் பந்தயம் கட்டினார்களாம்.

மிச்சிகன்வாசி

நான் கடைசியாகப் போனபோது அவர்களுடைய உடைகள் சில காட்சியில் இருந்தன, சகோதரி. கண்ணாடிக்கு அருகில் போய்ப் பார்த்தால், மணிகளும் சரிகையும் எவ்வளவு நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியும். அவ்வளவு பாரத்தையும் தாங்கிக்கொண்டு, சோலி அட்கின்ஸ் வகுத்த அசைவுகளைப் புன்னகை மாறாமல் ஆடியிருக்கிறார்கள். நடையும் அமர்வும் பேச்சும் எப்படி இருக்க வேண்டும் என்று மாக்சின் பவல் என்ற ஆசிரியை அவர்களுக்குத் தனியாகப் பாடம் நடத்தினார். அரசர்களின் முன்னும் குடியரசுத் தலைவர்களின் முன்னும் நிற்கப்போகிறீர்கள் என்றே பழக்கினார். உடைகளைப் பாதுகாத்து வைத்ததில் மேரி வில்சனின் பங்கு பெரிது. அவர் சேர்த்து வைத்தவை 2008இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன.

புரூஸ்டர் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பழைய இசைத்தட்டு எழுதியதைப் படித்த பிறகு, சென்ற ஞாயிறு அந்த வழியாக ஒருமுறை போய்வந்தேன். இருபது ஆண்டுகளில் அதை ஒரு நெடுஞ்சாலைத் திருப்பமாக மட்டுமே பார்த்திருக்கிறேன். நீங்கள் அம்மாவை அழைத்துப் போங்கள்.

தென்மராட்சிப் பெண்

போய் வந்துவிட்டோம். இனி போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஹிட்ஸ்வில் வீட்டில் அம்மாவுக்காக மிகவும் பொறுமையாக நடந்துகொண்டார்கள், படிகளில் அவசரப்படுத்தவில்லை. எதிரொலி உண்டாக்குவதற்காகக் கூரையில் துளையிட்டு மேல்தட்டுடன் இணைத்திருக்கும் இடத்தின் கீழே ஒவ்வொருவராக நின்று குரல் கொடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டிப் பார்த்தார்கள். அம்மா ஒரு வரியை மெல்லப் பாடினார். தம் குரல் பெரிதாகித் திரும்பி வந்ததைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டுடியோ ஏயில் வழிகாட்டி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி டெம்ப்டேஷன்ஸ் பாடலொன்றை ஆடிப் பாடவைத்தார். அம்மா கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு, இரண்டு அடி வலமும் இரண்டு அடி இடமும் வைத்தார். உடைகளைப் பார்த்தபோது, பந்தயத்தில் வென்றது கடைசித் தங்கை என்று சொன்னார்.

புரூஸ்டரில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை மட்டும் இறக்கினோம். விரைவுச் சாலையின் இரைச்சல்தான் கேட்டது. செங்கல் கட்டடத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் இருந்தோம்.

வாரனில் அலுவலகப் பெண்மணி வரைபடத்தில் குறித்துக் கொடுத்ததோடு நில்லாமல், தம் வண்டியில் முன்னே சென்று இடத்தைக் காட்டினார். அம்மா வெள்ளைப் பூக்களை வைத்தார். சிறிது நேரம் கழித்துப் பாடத் தொடங்கினார். நான் கேட்டுப் பழகிய மெட்டாக அது இல்லை. ஏதோ விட்டுவிட்டுப் பாடுவதுபோல் இருந்தது. அவர் பாடியது நடுக்குரலை மட்டும் என்பதும், மற்ற இருவரும் பாட வேண்டிய இடங்களில் நிறுத்திக் காத்திருக்கிறார் என்பதும் இரண்டாவது அடியில்தான் எனக்குப் புரிந்தது. முழுப் பாடலையும் அப்படியே பாடி முடித்தார். அதன் பிறகு அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்லிவிட்டு, மழை பிடிக்கும் முன் பாலத்தை நோக்கிப் புறப்பட்டோம்.